சூரன் பாவையும் இந்திரஞாலத் தேரும்

ஐப்பசித் திங்கள் வளர்பிறை ஆறாம் நாளில் தமிழகத்து முருகன் கோயில்கள் பலவற்றில் சூரசங்கார விழா நிகழ்தல் யாவரும் அறிந்ததே. சிதம்பரம் கூத்தப்பெருமான் கோயிலின் வடமேற்கே பாண்டிய நாயகம் எனப் பெயரிய முருகன் கோயில் ஒன்று உண்டு. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலும் கடலூர் மாவட்ட மக்கள் பெரிதும் போற்றும் தலமாகும். இத்தகைய தலங்கள் நிறைந்த நாட்டில் சூரன் கதை கற்றார்க்கும் கல்லார்க்கும் பொதுவாயிற்று. கற்றார் அதனை நூலிற் காண்பர். ஏனையோர் தெருவிற் காண்பர். இவ்விரு காட்சியும் ஓரிடத்தில் மாறுபடுகின்றன. அம்மாறுபாட்டை ஆராய்தலே ஈண்டு யாம் மேற்கொண்டது.

தெருவிற் காணும் சூரன் ஒரு பெரும்பாவை. ஆளினும் மிக உயர்ந்தது. சுமப்போர் தோள்மீது நின்று ஆடி அசைந்து வருவது. அதன் உடல் ஒன்றே, தலைகளோ பல. முதலில் யானைமுகம் தாங்கித் தாரகனாக வரும். வேல் பட்டதும் அத்தலை நீங்கும், சிங்கமுகம் ஏறும். அதுவும் வீழ்ந்தபின் சூரபன்மன் தலை தோன்றும். இறுதியில் மாமரமும் சேவலும் காட்டப்பெறும். உடல் ஒன்றாக இருத்தல் செலவு கருதிய ஏற்பாடு என்று எளிதிற் கூறிவிடலாம். அக்கூற்றுப் பொய்யன்று. ஆயினும், வெட்டுண்ட உடல் மீண்டும் மீண்டும் எழுந்து போருக்கு வருதலைக் கண்ட குழந்தைக்கு அது மூவர் கதையாகத் தோன்றாது. சாகாத ஒருவன் கதையாகவே தோன்றும்.

நூலுள்ளும் அவுணர் மீண்டெழுதல் உண்டு. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணம் ஆறு காண்டங்களும் 10,345 பாடல்களும் உடையது. அதன் யுத்த காண்டத்தில், மைந்தரையும் தம்பியரையும் இழந்து தனித்து நின்ற சூரன்முன் அவன் தாய் மாயை தோன்றுகின்றாள். கடல்களுக்கு அப்பால் அமுத மருந்து பொருந்திய மலை ஒன்று உண்டென்றும், அதனைக் கொணரின் மாண்டார் எழுவர் என்றும் கூறுகின்றாள். சூரன் தன் இந்திரஞாலத் தேரை ஏவுகின்றான். தேர் மலையைக் கொணர்கின்றது. அம்மலைக் காற்றுப் பட்ட அளவில் களத்திற் கிடந்த அவுணப்படை உயிர்த்தெழுகின்றது. எழுந்தோருள் சிங்கமுகனும் ஒருவன்.

இவ்விடத்திற் சற்று நின்று நோக்குதல் வேண்டும். சிங்கமுகன் தீயன் என்று ஒரு சொல்லில் ஒதுக்கத்தக்கவன் அல்லன். தேவர் சிறையை விடுக என்று தமையனுக்கு அறிவுரை கூறியவன் அவன். அது செல்லாதாகவே, உடன்பிறந்த கடன் கருதிப் போர்க்களம் புகுந்து மாண்டான். கும்பகருணனை நினைப்பிக்கும் இப்பாத்திரம் அவனினும் இரங்கத்தக்கது. கும்பகருணன் ஒருமுறை மாண்டான். அறம் இன்னதென்று அறிந்த சிங்கமுகனோ தாயின் சூழ்ச்சியால் எழுப்பப்பட்டு மறுமுறையும் அழிகின்றான். முருகன் விடுத்த படைக்கலம் எழுந்த சேனையை ஒருங்கே நீறாக்குகின்றது. அவனை எழுப்புமுன் அவன் கருத்தை யாரும் கேட்டிலர்.

சூரனும் பிறவியிலேயே கெட்டவன் என்று நூல் கூறவில்லை. அவன் தந்தை காசிபன் நல்லறம் உரைத்தான். மாயையோ வேள்வியும் வரமும் ஆட்சியும் பெறுதற்குரிய வழியை உரைத்தாள். மாயைக்குக் கலை பயிற்றிக் காசிபன்பால் விடுத்தவன் சுக்கிரன். அவுணர் வேந்தர்க்குப் பின்னர் நல்வினை தீவினை வேறுபாடு இல்லையெனப் போதித்தவனும் அவனே. அருந்தவ வீரனாக வேள்வி இயற்றிச் சிவபெருமானிடம் 1,008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் பெற்றவன், பிறர் சூழ்ச்சிக்குக் கருவியாயினான்.

கருவி என்றதும் இந்திரஞாலத் தேர் நினைவுக்கு வருகின்றது. பழந்தமிழ் நூல்களிற் பொறிகள் பல உள. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி, வலப்புறம் திரித்தால் எழுந்து இடப்புறம் திரித்தால் இறங்குவது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க விடுத்த யானையோ வீரரை உள்ளடக்கிய எந்திரம். முன்னது விசையால் இயங்குவது. பின்னது மறைந்திருந்த மாந்தரால் வினை செய்வது. விழாவின் சூரன் பாவை இரண்டாம் வகையைச் சார்ந்தது எனலாம். இந்திரஞாலம் இவ்விரண்டினும் வேறு. அஃது ஏவல் கேட்டுத் தானே செல்வது. சூரன் சொற்படி பூதப்படையை வாரிக்கொண்டு அண்டத்தின் உச்சிக்குச் செல்கின்றது. முருகன் கணை தொடர்ந்து சென்று மீட்டபின், சூரனிடம் மீளாது முருகன் பக்கலிலே நின்றுவிடுகின்றது. களத்திற் பக்கம் மாறிய ஊர்தி அது. சிங்கமுகனுக்கு வாய்க்காத விடுதலை ஒரு தேருக்கு வாய்த்தமை வியப்பே.

இந்நாட்டுப் பிற பெரும்பாவைகளையும் இதனோடு ஒப்பு நோக்கலாம். திரௌபதியம்மன் விழாக்களிற் படுகளத்தில் மண்ணாற் சமைத்துக் கிடத்தும் துரியோதனன் எழுவதில்லை. கூத்தாண்டவர் விழாக்களில் அரவானின் பெருந்தலை, பலியுண்ட பின்னும் போரைக் காண வரம் பெற்றது. முன்னவன் கிடப்பவன், பின்னவன் காண்பவன். பொருதுகொண்டே தலை மாறி வருபவன் சூரன் ஒருவனே.

அமுதமலைக் காட்சி விழாவிற் பெரும்பாலும் தனியே நடிக்கப்பெறுவதில்லை. மலையையும் ஒரு சேனையின் எழுச்சியையும் தெருவிற் காட்டுதல் அரிது. எனினும் ஓருடற் பாவை அதனை வேறு வகையாற் காட்டிவிடுகின்றது என்பது எம் கருத்து. தலையைக் கழற்றுவோர் அதனைத் துணியால் மூடி எடுத்துச் செல்வதும், அடுத்த தலை ஏறும்வரை உடல் தலையின்றி நின்று ஆடுவதும் பாவைத் தொழிலின் தேவைகளே. அவ்வளவிற் பறை மட்டும் நிற்பதில்லை. கூட்டம் அடுத்த முகத்தை நோக்கி அண்ணாந்து நிற்கின்றது.