வலை ஊசியில் நூலைச் சுற்றுவது ஏன்?

குருநகரில் வலைத் தொழிற்சாலை உண்டு. ஆனாலும் கிழிந்த வலையைப் பொத்துவது கைதான். அந்தக் கையில் ஒரு தட்டையான ஊசி. அதன் நடுவே நாக்கு, அதைச் சுற்றி நூல். வெறும் நூலால் முடிந்தால் என்ன?

ஒரு கணக்குப் பார்ப்போம். நூல் 5 மீற்றர். ஒரு முடிச்சுக்கு 10 சென்ரிமீற்றர் போகும் என்று வைப்போம். மொத்தம் 50 முடிச்சு. வெறும் நூலென்றால், ஒவ்வொரு முடிச்சுக்கும் மீதி நூல் முழுவதையும் வலைக் கண்ணுக்குள்ளால் இழுக்க வேண்டும். கூட்டினால் 120 மீற்றருக்கு மேல்! ஊசி அந்த மீதியைத் தன்னோடு சுமந்து செல்கிறது. தேவையான 10 சென்ரிமீற்றர் மட்டுமே அவிழ்கிறது. சிக்கலும் இல்லை.

ஆனால் நூலை அளவாகவே சுற்ற வேண்டும். ஊசி தடித்தால் கண்ணுக்குள் நுழையாது.

முடிச்சு ஏன் அவிழ்வதில்லை? இழுவை கூடக் கூட, ஒரு வளையம் மற்ற நூலை இறுக அழுத்துகிறது, உராய்வு பிடித்துக்கொள்கிறது. நைலோன் வழுக்கும் என்பதால் இன்னொரு சுற்றுப் போடுவது நல்லது.

தூண்டிலில் தங்கூசி (நைலோன் இழை) கட்டும்போதும் முடிச்சை நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூடு இழையைப் பலவீனமாக்கும்.

வெட்டிய நூல் துண்டுகளைக் கடலில் போடாதீர்கள். நைலோன் எளிதில் உக்காது.