ஒளி எழுதும் சித்திரம்

சுவரில் மாட்டிய படத்தைக் காண, வெளிச்சம் அதன்மேல் விழவேண்டும். வர்ணக் கண்ணாடிப் பலகணியிலோ, வெளிச்சம் படத்தினூடே புகுந்து நம்மிடம் வந்து சேருகிறது. சூரியன் உதிக்காவிடில் அங்கே சித்திரமே இல்லை! ஆகவே, மற்றப் படங்களைப்போல் இதைக் கடையில் வாங்கிக் கண்ட இடத்தில் மாட்ட இயலாது. இன்ன திசையில், இன்ன அளவுள்ள ஜன்னலுக்கு என்று தனியே வகுத்தே செய்யவேண்டும்.

இதன் செய்முறை விசித்திரமானது. கண்ணாடியை உருக்கும்போதே உலோகச் சத்துக்களைச் சேர்க்கிறார்கள். கோபால்ட் நீலத்தைத் தரும். மாங்கனீஸ் ஊதாவைத் தரும். செம்பு பச்சையையும், வேறு பக்குவத்தில் சிவப்பையும் தரும். பொன் சேர்ந்தால் மாதுளை முத்தின் செந்நிறம் உண்டாகும். சித்திரக்காரர் ஜன்னலின் முழு அளவில் காகிதத்தில் படம் எழுதி, அதன்படி கண்ணாடித் துண்டுகளை அறுக்கிறார். முகம், விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றை இரும்புச் சத்தும் கண்ணாடிப் பொடியும் கலந்த மையால் தீட்டி, 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூளையில் இடுகிறார். மை உருகிக் கண்ணாடியோடு ஒன்றாகிவிடுகிறது. பின்னர், இரு புறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டைகளில் துண்டுகளைச் செருகிப் பற்றவைக்கிறார். நாம் காணும் கரிய கோடுகள் அந்த ஈயமே. சித்திரத்துக்கு எலும்பும் அதுதான்.

செட்டிநாட்டு மாளிகைகளில் வாயிலுக்கும் ஜன்னலுக்கும் மேலே பதித்த வர்ணக் கண்ணாடிகளை நேயர்கள் பார்த்திருக்கலாம். அவை பெரும்பாலும் ஒரே நிறமான தகடுகள். அழகானவை, ஆனால் கதை சொல்லாதவை. கதை சொல்லும் கண்ணாடியைக் காண மைசூருக்குப் போகவேண்டும்.

1897ல் மைசூர் மகாராஜாவின் பழைய மர அரண்மனை தீக்கிரையாயிற்று. ஹென்றி இர்வின் வகுத்த புதிய அரண்மனை 1912ல் நிறைவெய்தியது. அதன் கல்யாண மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால், எண்கோண விதானம் முழுவதும் மயில்கள்! எழுதியவர்கள் மைசூர்ச் சித்திரக்காரர்கள். செய்து அனுப்பியது ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரம். கற்பனை நம்முடையது, கைத்திறன் அயலாருடையது.

தெலுங்கானாவில் உள்ள மேதக் பேராலயத்தின் கதையும் இத்தகையதே. பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு வேலை கொடுத்து உணவளிக்க, பாஸ்நெட் பாதிரியார் எழுப்பிய ஆலயம் அது. 1924 டிசம்பர் 25ல் பிரதிஷ்டையாயிற்று. அதன் மூன்று சித்திரப் பலகணிகள் 1927, 1947, 1958 ஆகிய ஆண்டுகளில் அமைந்தன. மூன்றையும் வகுத்தவர் ஆங்கில ஓவியர் பிராங்க் சாலிஸ்பரி. சுவர் எழுப்பிய கைகள் இந்நாட்டுக் கைகள். கண்ணாடியை எழுதிய கை கடலுக்கு அப்பால் இருந்தது.

இதனால் நேரும் நஷ்டம் யாது? ஈயம் சிரஞ்சீவியன்று. ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் தளர்ந்து வளையத் தொடங்கும். அப்போது துண்டுகளைப் பிரித்து, புது ஈயத்தில் கோக்கத் தெரிந்தவர் அருகில் இல்லையேல், ஜன்னலை இழக்கவேண்டியதுதான். சரக்கு கப்பலேறி வந்தது. வித்தை அதனுடன் வரவில்லை! ஆயினும் நாம் மனந்தளர வேண்டியதில்லை. பம்பாய் ராஜாபாய் கோபுரத்தையும் அதனைச் சார்ந்த பல்கலைக்கழக நூலகத்தையும் புதுப்பிக்கும் பணி 2015ல் நிறைவுற்றபோது, அங்குள்ள வர்ணக் கண்ணாடிகளும் நம்மவர் கைகளாலேயே செப்பனிடப் பெற்றிருந்தன. கற்றால் வராத வித்தை உண்டோ?

கைத்திறன் வந்தாலும், வேலை கொடுப்போர் வேண்டுமன்றோ? தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியை நேயர்கள் அறிவார்கள். பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்பக் கனவு கண்ட சுப்பிரமணிய சிவா, 1925 ஜூலை 23ல் உயிர் நீத்த ஊர். அங்கே ஒரு குடும்பத்தார் புது வீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பூஜை அறை ஜன்னலுக்குச் சீமை ரோஜாவும் திராட்சைக் கொடியும் எதற்கு? ஐந்து விரலை மடக்கியதுபோன்ற கேழ்வரகுக் கதிரும், ஆவாரம்பூவும் அந்த மண்ணுக்கு உரியவை. ஈயக் கோட்டுக்கும் நன்றாய் வளைந்து கொடுப்பவை. கிழக்கு வெயில் கடுமையாகையால் வெளிறிய நிறங்கள் கண்ணைக் கூசச் செய்யும். ஆழ்ந்த நிறங்களே ஏற்றவை. நீலம் தன் எல்லை கடந்து பரவுவதுபோல் தோன்றும். அதைச் சுற்றிக் கனத்த கோடு வேண்டும். துண்டுகளை அந்த ஜன்னலிலேயே பிடித்து, காலையிலும் மாலையிலும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது உத்தமம். மாதா கோயிலானால், உயரத்திலுள்ள உருவங்கள் கீழே நிற்போருக்குத் தெளிவாய்த் தெரியும்படி பெரிதாய் எழுதவேண்டும்; நுண்ணிய வேலை அங்கே வீண்.

ஆதரிப்போர் இருந்தால் கலைஞர் தோன்றுவர். வீடு கட்டுவோர் ஒரு சிறு ஜன்னலையேனும் நம் கலைஞரிடம் ஒப்படைக்கட்டும். வெயிலுக்குக் குறைவில்லாத நாடு இது; அந்த வெயில் நம் சித்திரத்தை எழுதட்டும்!