பொட்டலத்துக்கும் ஒரு முகம் வேண்டாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி வாங்கப் போகிறீர்கள். கடையில் நாலைந்து பாக்கெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. உங்கள் கை ஒன்றை மட்டும் எடுக்கிறது. "ஏனுங்க அதை எடுத்தீங்க?" என்று கேட்டால், "பார்க்க நல்லா இருந்துச்சு" என்பீர்கள். அந்த 'நல்லா இருந்துச்சு'க்குப் பின்னால் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. அவர்தான் டிசைனர்.

சேலத்து ஜவ்வரிசித் தொழில் 1940-களில் தொடங்கியது. ஆலைக்காரர்களுக்காக 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பொருள் நல்லதாக இருந்தால் போதாது, அதற்கென்று ஒரு பெயரும் அடையாளமும் வேண்டும் என்பதை நம் ஊரே உணர்ந்திருக்கிறது!

இந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். எந்தக் கம்பெனியிலும் மாதச் சம்பளத்துக்குச் சேராமல், வேலைக்கு வேலை பேசிக் காசு வாங்குவதை 'ஃப்ரீலான்ஸ்' என்கிறார்கள். புதிதாக முளைக்கும் 'ஸ்டார்ட்அப்' கம்பெனிகள் பலவற்றுக்கு டிசைனரை முழு நேரச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள வசதி இருக்காது. அவர்கள் தேடுவது இப்படிப்பட்டவர்களைத்தான்.

என்ன வேலை?

ராசிபுரத்தில் ஒரு பெண்மணி நெய் விற்க ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பெயர். அடுத்து சின்னம், அதாவது லோகோ. அது 50 மில்லி பாட்டிலிலும் தெளிவாக இருக்க வேண்டும், கடைப் பலகையிலும் எடுப்பாக இருக்க வேண்டும். எத்தனை பெரிதாக்கினாலும் சிதையாத 'வெக்டர்' முறையில் வரைவது அதனால்தான். 'இன்க்ஸ்கேப்' என்ற மென்பொருள் இதற்கு இலவசமாகவே கிடைக்கிறது.

பிறகு லேபிள். சேர்மானங்கள், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், சைவம் என்பதைக் காட்டும் பச்சை வட்டம், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். அழகுக்காக இதில் ஒன்றை விட்டாலும் பின்னால் வம்புதான்!

செல்போன் 'ஆப்' வடிவமைப்பதும் இதே வேலையின் இன்னொரு பகுதி. கம்ப்யூட்டர் மொழி எழுதுவது வேறு ஆள். எந்தப் பக்கத்தில் எந்தப் பட்டன், எதை அமுக்கினால் என்ன வரும் என்று திட்டமிடுவதே டிசைனரின் வேலை. முதலில் காகிதத்தில் பென்சிலால் கட்டம் போட்டாலே போதும். பிறகு 'ஃபிக்மா' போன்ற மென்பொருளில் வரையலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; ஆங்கிலத்துக்குப் போட்ட பட்டனில் அடங்காமல் பிதுங்கும். இதை நம்மைப் போன்றவர்கள்தான் சட்டென்று கண்டுபிடிப்போம். வரைந்ததை மாமியாரிடம் கொடுத்துப் பாருங்கள். "எதை அமுக்கறது கண்ணு?" என்று அவர் கேட்டால், தப்பு அவர் மேல் இல்லை, உங்கள் படத்தில்!

காசு கேட்கக் கூச்சமா?

"நாலு கோடு இழுக்கறதுக்கு இவ்வளவு ரூபாயா?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி, எண்ணெய் ஓவிய வகுப்பில் சேரப் பணமில்லாமல் இருந்தார். அதே பல்கலைக்கழகத்தில் கணக்கியல் நடத்திய ஃபில் நைட், தம் சிறு கம்பெனிக்கு மணிக்கு 2 டாலர் கூலியில் அவரிடம் வேலை கொடுத்தார். 1971-ல் கரோலின் வரைந்த ஒரு வளைவுக்குக் கிடைத்தது 35 டாலர். அதுதான் 'நைகி' காலணியின் உலகப் புகழ் பெற்ற சின்னம்! 1983-ல் கம்பெனி அவரை அழைத்து, வைரம் பதித்த தங்க மோதிரமும் கம்பெனிப் பங்குகளும் கொடுத்துக் கௌரவித்தது.

நல்ல மனசுதான். ஆனால் பன்னிரண்டு வருஷம் கழித்து வரும் நல்ல மனசை நம்பி நாம் குடும்பம் நடத்த முடியுமா? ஆகவே ஆரம்பத்திலேயே கவனமாக இருங்கள்.

* எத்தனை மாதிரிகள், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு தொகை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உறவுக்காரர் என்றாலும் சரி.

* பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் வேலையைத் தொடாதீர்கள். அசல் கோப்பை முழுத் தொகையும் வந்த பிறகே கொடுங்கள்.

* நம் காப்புரிமைச் சட்டப்படி, படைப்பின் உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால், அது 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றே கொள்ளப்படும்.

* பெயரையும் சின்னத்தையும் வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்துகொள்ளும்படி கம்பெனிக்காரரிடம் சொல்லுங்கள். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஏற்கெனவே வேறொருவர் பதிந்த பெயரா என்று பார்ப்பதும் அவசியம்.

உடம்பையும் கவனியுங்கள்

குழந்தை தூங்கும் நேரத்தில்தான் வேலை ஓடும். அதற்காகக் கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். மேஜை நாற்காலி போட்டு, திரையைக் கண் மட்டத்துக்கு வையுங்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தால் இன்னும் நல்லது!

நம் அண்டை ஊரான கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் வரைந்ததுதான், 2010-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்ச் சின்னம். நாடே தினமும் எழுதும் அடையாளத்தை இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் கொடுத்திருக்கிறார். வாசலில் புள்ளி வைத்து, இழை பிசகாமல் கோலம் போடும் உங்கள் கைக்கும் அளவும் ஒழுங்கும் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவின் ஊறுகாய் பாட்டிலிலிருந்து ஆரம்பியுங்களேன். ஆனால், "உங்களுக்குப் போய்க் காசா!" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!