பேருந்து கடந்துபோகும் கோட்டை

திருவண்ணாமலைப் பேருந்து செஞ்சி ஊரைத் தாண்டிய சில நிமிடங்களில் கோட்டை மதிலுக்குள் நுழைந்துவிடுகிறது. இடப்பக்கம் ராஜகிரி, வலப்பக்கம் கிருஷ்ணகிரி. ஊர்க்காரர்கள் வாயில் ராஜா கோட்டை, ராணி கோட்டை. தெற்கே சந்திரகிரியையும் சேர்த்து மூன்று குன்றுகளை வளைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். செல்போனிலிருந்து தலை நிமிர்வதற்குள் பேருந்து வெளியே போய்விடும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. மனம் நிறைந்த செய்திதான். ஆனால் மராத்தியர் இங்கே இருந்தது 1677இல் சிவாஜி பிடித்தது முதல் 1698 வரை, 21 ஆண்டுகள். அதற்கு முன் கோன்கள், விஜயநகரத்தார், நாயக்கர்கள், பீஜப்பூரார். பின்னே மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். இத்தனை பேர் மாறி மாறி ஆண்டபோதும் இது ஓர் ஊராகவே இருந்தது. அந்த ஊரைத்தான் நாம் மறந்துகொண்டிருக்கிறோம்.

ராஜகிரி ஏறிப் பாருங்கள். உயரம் சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து பள்ளமாகக் கிடக்கிறது. குறுக்கே ஒரு சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. அப்பால் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, தானியக் களஞ்சியம். அடிவாரத்தில் கல்யாண மகால், குதிரை லாயங்கள், வெங்கடரமணர் கோயில், 1717-18இல் எழுந்த சாதத்துல்லாகான் மசூதி, செட்டிக்குளம், சக்கரக்குளம். சுல்பிகார்கானின் மொகலாயப் படை 1690 முதல் விட்டுவிட்டு முற்றுகையிட்டும் கோட்டை விழ 1698 ஆனது. மதிலின் பலம் என்பார்கள். நெல்லும் சுனைத் தண்ணீரும் இல்லாமல் எந்த மதில் நின்றிருக்கும்?

வெங்கடரமணர் கோயிலின் கற்றூண்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்குப் போய்விட்டன. இன்று அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்குச் செஞ்சி நினைவுக்கு வரும்?

1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட இளைஞன் தேசிங்கை மட்டும் இம்மண் மறக்கவில்லை. ராஜபுத்திர வீட்டுப் பிள்ளையைக் கதைப்பாடலும் தெருக்கூத்தும் தமிழ்ப்பிள்ளை ஆக்கிவிட்டன. அவன் குதிரைக்கும் தோழன் மோவத்கானுக்கும் நீலாம்பூண்டியில் சமாதி காட்டுகிறார்கள்.

நெல் அளந்தவர், சுனை காத்தவர், கல் சுமந்து மலையேறியவர் ஆகியோருக்குப் பாட்டு இல்லை. களஞ்சிய வாசலில் அவர்களைப் பற்றி நாலு வரி எழுதி ஒரு பலகை வையுங்கள். மூச்சிரைக்க மேலே வந்து சேரும் பள்ளிப் பிள்ளைகள் நின்று படிப்பார்கள்.