'டவுன்' என்றால் கீழே மட்டும்தானா?



நம் தோட்டத்தில் 'டவுன்' என்று சொன்னால் பெரியவர்களுக்குப் பட்டணம்தான் நினைவுக்கு வரும். சம்பளம் போட்டதும் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலோ, "டவுன் என்றால் கீழே, சார்" என்று சொல்லும். ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். நம் வாயில்தான் ஒன்றாகிவிடுகின்றன. 'கீழே' என்ற பொருளுடைய அந்தச் சின்னச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் என் குடும்பத்துக்கு ஒருமுறை நட்டம் வந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1993-ஆம் ஆண்டு. நான் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டுப் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பால்மரம் வெட்டுகிறவர். மழை விட்ட மறுநாள் மேட்டுக்காட்டிலிருந்து பால் வாளிகளோடு இறங்கும்போது சறுக்கி விழுந்து, வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கை கூடும்வரை வேலை இல்லை. மாதாமாதம் சந்தா கட்டி வந்த காப்புறுதி ஒன்று இருந்தது. அதற்கு மனுப் போட்டோம். சில வாரங்கள் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது.

லயத்து வாசலில் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு மாமா எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். "படிச்சுச் சொல்லுய்யா" என்றார் அப்பா. எனக்கு ஒரே பெருமை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நடுவில் 'டர்ன்ட் டவுன்' என்று இருந்தது. 'டர்ன்' என்றால் திருப்புவது, 'டவுன்' என்றால் கீழே. இரண்டையும் ஒட்டவைத்து, "பெரிய ஆபீசிலேருந்து கீழே திருப்பி விட்டிருக்காங்கப்பா" என்றேன்.

"டவுன் ஆபீசுக்கா?"

"ஆமாம்ப்பா."

ஆள் வரும் என்று ஏழு வாரம் காத்திருந்தோம். பிறகு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பட்டணத்துக் கிளை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க மனுவை மறுத்துட்டாங்க. திரும்பக் கேக்கணும்னா 30 நாளுக்குள்ள எழுதியிருக்கணும். கடைசி வரியிலே போட்டிருக்கே" என்றார். கடைசி வரிவரை நான் படிக்கவே இல்லை. 'டர்ன் டவுன்' என்றால் மறுத்துவிடுவது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இன்று நான் ஆசிரியர். இந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறேன் என்பதைப் பெற்றோர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

உண்மையாகவே கீழே போவது

முதலில் கண்ணால் காண்பதிலிருந்து தொடங்குவேன். பால்மரத்து வெட்டு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகை சாய்வாக இறங்குகிறது. பால் அந்தச் சாய்வில் வழிந்து மங்கில் சேர்கிறது. இப்படி வழிவதை ஆங்கிலத்தில் 'ரன் டவுன்' என்பார்கள். செம்பனைக் குலை பழுத்தால் உதிரிப்பழம் மரத்தடியில் விழுகிறது. அது 'ஃபால் டவுன்'. வாளியைக் கீழே வைப்பது 'புட் டவுன்'. வயதான மரத்தை வெட்டிச் சாய்ப்பது 'கட் டவுன்'. இவற்றில் குழப்பமே இல்லை. ஏதோ ஒன்று மேலிருந்து கீழே போகிறது.

போகாமலே போவது

இனிமேல்தான் கவனம் வேண்டும். லாரி ஓர் ஆளை இடித்துத் தள்ளினாலும் 'ரன் டவுன்'தான். கூரை ஒழுகி, பலகை உளுத்துப்போன பழைய வீட்டையும் 'ரன் டவுன்' என்பார்கள். உழைத்து உழைத்து உடம்பு தளர்ந்துபோன மனிதரையும் அப்படியே சொல்வார்கள். வாளியைக் கீழே வைக்கும் அதே 'புட் டவுன்', நாலு பேர் எதிரில் ஒருவரை மட்டம்தட்டுவதையும் குறிக்கும்.

இது ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய வழக்கமா? இல்லை. நாமும் "பால் விலை இறங்கிப் போச்சு" என்கிறோம். விலை என்ன ஏணி வைத்தா இறங்கியது? "கடன்லே விழுந்துட்டான்" என்கிறோம். ஆகவே, இந்த முறை நம் பிள்ளைகளுக்குப் புதியதல்ல. தமிழும் ஆங்கிலமும் எங்கே பிரிகின்றன என்பதுதான் தெரிய வேண்டும்.

ஒன்று பாருங்கள். "அவர் தேர்தலில் இறங்கிவிட்டார்" என்றால் நமக்குப் போட்டியிடத் தொடங்கிவிட்டார் என்று பொருள். ஆங்கிலத்தில் 'ஸ்டெப் டவுன்' என்றால் பதவியை விட்டு விலகுவது. 1970-இல் துங்கு அப்துல் ரஹ்மானும், 2003-இல் மகாதீரும் பிரதமர் பதவியிலிருந்து விலகினார்களே, அதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நாம் இறங்குவது தொடக்கம். அவர்கள் இறங்குவது முடிவு.

கிளினிக்கில் ஒரு சங்கடம்

காய்ச்சலைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் உண்டு. 'தி ஃபீவர் ஹேஸ் கம் டவுன்' என்றால் காய்ச்சல் தணிந்துவிட்டது. 'ஹீ கேம் டவுன் வித் ஃபீவர்' என்றால் அவனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது! 'வித்' என்ற சின்னச் சொல் பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல் 'கம் டவுன்' ஆனாலும், டிங்கியாக இருந்தால் நிம்மதி அடையக் கூடாது. காய்ச்சல் தணிகிற நேரம்தான், பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், ஆபத்தான கட்டம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இனிப்புநீர் உள்ளவரிடம் டாக்டர் 'கட் டவுன் ஆன் சுகர்' என்பார். மரத்துக்கு 'கட் டவுன்' என்றால் அடியோடு சாய்ப்பது. சீனிக்கு 'கட் டவுன்' என்றால் குறைத்துக்கொள்வது.

கடிதத்தில் வந்தால்

'பிரேக் டவுன்' என்றால் லாரி பழுதாகி நிற்பது. துக்கம் தாங்காமல் ஒருவர் உடைந்து அழுவதும் அதுவே. கணக்குக் கடிதத்தில் வந்தால், மொத்தத் தொகையை இன்னின்னது இவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது. 'டவுன் பேமென்ட்' என்றால் முன்பணம். வீடு வாங்கும்போது பெரும்பாலும் விலையில் பத்து விழுக்காடு கேட்பார்கள். பட்டணத்தில் கட்டும் பணம் என்று நினைத்துவிடாதீர்கள்!

'ஷட் டவுன்', 'குளோஸ் டவுன்' என்றால் மூடிவிடுவது. தோட்டத்தையோ தொழிற்சாலையையோ மூடப்போவதாகக் கடிதம் வந்தால் கலங்கி உட்கார்ந்துவிடக் கூடாது. மேற்கு மலேசியாவில் ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. வேலைச் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளி 12 மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்திருந்தால், இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம் உண்டு. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இதைவிடக் குறைத்துக் கொடுத்தால் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம்.

பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகள்

'டவுன்' வரும் வாக்கியத்தைப் படிக்கும்போது பிள்ளை மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது, இங்கே ஏதாவது ஒரு பொருள் மேலிருந்து கீழே உண்மையாகப் போகிறதா? மரம், வாளி, ஆள் என்றால் போகலாம். விலை, மனு, கடை, காய்ச்சல் என்றால் வேறு பொருள் தேட வேண்டும். இரண்டாவது, பின்னால் 'வித்', 'ஆன்' என்று ஒட்டிக்கொண்டு வருவது என்ன? மூன்றாவது, கடைசி வரிவரை படித்தாயா? அதில் ஏதாவது நாள் கணக்கு இருக்கிறதா?

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆங்கிலம் படிக்கிறது என்பதற்காக அது சொல்வதை அப்படியே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடிதம் வந்த அன்றே கிராணியாரிடமோ ஆசிரியரிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒருவர் படித்ததை இன்னொருவர் படித்துப் பார்ப்பதில் யாருக்கும் குறைச்சல் இல்லை.

நம்பியவரை ஏமாற்றமடையச் செய்வதை ஆங்கிலத்தில் 'லெட் டவுன்' என்பார்கள். அன்று நான் அப்பாவுக்குச் செய்தது அதுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கட்டுப் பிரித்து இன்னும் வீக்கம் வடியாத கையை என் தோளில் வைத்து, "பணம் போனாப் போவுதுய்யா. இனிமே தெரியாததைத் தெரியலேன்னு சொல்லிப் பழகு" என்றார்.

வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று "தெரியலை, சார்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிள்ளையை நான் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. பக்கத்தில் கூப்பிட்டு, முதல் எழுத்திலிருந்து சேர்ந்தே படிப்போம்.