மருந்துக்கு மசியாத வெட்டை நோய்: ஹவாயின் கண்காணிப்பு

வெட்டை நோய் எனப்படும் கொனோரியாவை உண்டாக்கும் பாக்டீரியா, தனக்கு எதிராக வந்த மருந்துகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்திருக்கிறது. 1940-களில் பென்சிலின் அதை எளிதில் கொன்றது. 1976-இல் பென்சிலினையே சிதைக்கும் நொதியைச் சுரக்கும் வகை கண்டறியப்பட்டது. டெட்ராசைக்ளினும் சிப்ரோஃபிளாக்சசினும் அதே வழியில் போயின. இன்று பெரும்பாலான நாடுகளில் நம்பிப் போடக்கூடியதாக எஞ்சியிருப்பது செஃப்ட்ரியாக்சோன் ஊசி மட்டுமே. அதுவும் எங்கே தளரத் தொடங்குகிறது என்று முன்கூட்டியே அறிந்தால்தான் சிகிச்சை முறையைக் காலத்தில் மாற்ற முடியும்.

அமெரிக்காவில் இதற்கான தேசியக் கண்காணிப்பு 1986-இல் தொடங்கியது. தேர்ந்தெடுத்த நகரங்களின் பால்வினை நோய் மருத்துவமனைகளில், மாதந்தோறும் இந்நோயுடன் வந்த முதல் 25 ஆண்களின் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின. ஹவாயின் தலைநகர் ஹொனலுலுவும் அந்த நகரங்களில் ஒன்றாக இருந்தது. கிழக்காசியாவிலிருந்து பயணிகள் ஓயாமல் வந்துபோகும் தீவுகள் என்பதால், எதிர்ப்புத்திறன் கொண்ட வகைகள் பல முறை அங்கேதான் முதலில் தென்பட்டன. மாநிலச் சுகாதாரத் துறை கண்காணிப்பை ஆண்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

இதில் கடினமான பகுதி ஆய்வக வேலை. இப்போது பரவலாக உள்ள மரபணுச் சோதனைக்குச் சிறுநீர் போதும். முடிவும் விரைவில் வரும். ஆனால் கிருமி இருக்கிறதா என்று அது சொல்லுமே தவிர, எந்த மருந்துக்குச் சாகும் என்று சொல்லாது. அதற்குக் கிருமியை உயிரோடு வளர்க்க வேண்டும். குளிரும் வறட்சியும் தாங்காத கிருமி இது. சூடாக்கிய ரத்தம் கலந்த சாக்லேட் அகார் தட்டில், கரியமில வாயு கூடுதலான சூழலில்தான் வளரும். வளரும் தட்டின் மேல், மருந்தின் அளவு படிப்படியாக ஏறும் பட்டை ஒன்றை வைப்பார்கள். கிருமி எந்த அளவில் வளராமல் நிற்கிறது என்பதை அதில் நேரடியாகப் படித்துவிடலாம். மரபணுச் சோதனை வந்தபின் பல ஊர்களில் இந்த வளர்ப்புத் திறன் கைவிடப்பட்டது. அது பெரும் இழப்பு. ஹவாய் அதை விடவில்லை.

பலன் கண்கூடு. சிப்ரோஃபிளாக்சசின் வகை மருந்துகளை ஹவாயில் தவிர்க்கும்படி 2000-இலேயே பரிந்துரை வந்தது. நாடு முழுமைக்கும் அது வந்தது 2007-இல். 2016 ஏப்ரல், மே மாதங்களில் ஹொனலுலுவில் ஆறு ஆண்கள், ஒரு பெண் என ஏழு பேரிடம் எடுத்த கிருமிகள், செஃப்ட்ரியாக்சோனோடு சேர்த்துத் தரப்பட்ட அசித்ரோமைசின் என்ற மருந்தை மிகக் கடுமையாக எதிர்த்தன. அவற்றில் ஐந்து, செஃப்ட்ரியாக்சோனுக்கும் குறைவாகவே மசிந்தன. இரண்டு மருந்துகளும் சேர்ந்த அன்றைய சிகிச்சையில் ஏழு பேரும் குணமடைந்தார்கள். அசித்ரோமைசினுக்கு எதிர்ப்பு பெருகிவந்ததை முன்னிட்டு, 2020 டிசம்பரில் அமெரிக்காவின் சிகிச்சைப் பரிந்துரை மாறியது: செஃப்ட்ரியாக்சோன் மட்டும், 500 மில்லிகிராம், ஒரே ஊசி.

ஆய்வக முடிவோடு வேலை முடிவதில்லை. சுகாதாரப் பணியாளர்கள் நோயாளியிடம் பேசி, அவருடைய துணைவர்களைத் தேடிச் சோதித்து, சிகிச்சைக்குப் பின் கிருமி முற்றிலும் நீங்கியதா என்றும் பார்க்க வேண்டும். நோயாளி நம்பிப் பேசினால்தான் இது நடக்கும். பழிப்புக்கு அஞ்சி அவர் வாய் மூடினால் தொடர் அறுந்துவிடும்.

வளர்ப்புச் சோதனையின் தேவை ஹவாய்க்கு வெளியேயும் தெரிந்தது. 2023 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலம், பல மருந்துகளுக்கு மசியாத வகை இருவரிடம் இருந்ததை அறிவித்தது. இருவரும் செஃப்ட்ரியாக்சோனில் குணமடைந்தார்கள். அவர்களுக்கிடையே நேரடித் தொடர்பு எதுவும் அப்போது தெரியவரவில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கும் மாதிரி எடுக்கும்படி அங்குள்ள மருத்துவர்களை அம்மாநிலச் சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டது.