முள் அசையாத மீட்டர்: பழைய கார் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: வலியசாலை அக்கிரகாரத்திலும், அதையொட்டிய கிள்ளிப்பாலம், ஆரியசாலை பகுதிகளிலும் இன்னும் அபூர்வமாக ஓர் அம்பாசிடர் கார் கண்ணில் படுகிறது. சில, தாத்தா காலத்தில் வாங்கி வீட்டில் ஒருவராகவே ஆகிவிட்டவை. சில, வாடகைக்கு ஓடி ஒரு குடும்பத்தையே காப்பாற்றியவை. இவற்றில் பலவற்றுக்குப் பொதுவாக ஒரு நோய் உண்டு. இஞ்சின் ஓடும், ஹாரன் அடிக்கும், விளக்கு எரியும். ஆனால் ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் பூஜ்யத்தை விட்டு நகராது.

"முள் அசையாவிட்டால் என்ன, வண்டி ஓடுகிறதல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. வாடகைக்கு ஓட்டுபவரைக் கேட்டால் தெரியும். வேகம் காட்டும் முள்ளும் தூரம் காட்டும் எண்களும் ஒரே பெட்டிக்குள், ஒரே கம்பியால் ஓடுபவை. கம்பி நின்றால் கிலோமீட்டர் கணக்கும் நின்றுவிடும். சபரிமலைக்கும் கன்னியாகுமரிக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசிப் போகிறவருக்கு, எண் ஓடவில்லை என்றால் கூலியே தகராறுதான். சொந்தக் கார் வைத்திருப்பவருக்கும் எண்ணெய் மாற்ற வேண்டிய காலம் தெரியாது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது என்பதும் தெரியாது.

சட்டமும் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், ஓட்டுநரின் பார்வையில் படும்படி வேகமானி இருக்க வேண்டும் என்று 117ஆவது விதி கூறுகிறது. பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் காரைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டு போகும்போது, செத்துக் கிடக்கும் மீட்டரால் அலைச்சல்தான் மிஞ்சும்.

ஜெர்மனியில் பிறந்த கருவி

இந்தக் கருவிக்கு 1902ஆம் ஆண்டில் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றவர் ஓட்டோ ஷூல்ட்சே. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அடிப்படை மாறவில்லை. கியர் பாக்ஸின் பின்பக்கத்தில், சக்கரங்களுக்குச் சுழற்சியை அனுப்பும் தண்டின் மேல் ஒரு சிறு பல்சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் டாஷ்போர்டு வரை வருகிறது. கேபிள் என்பது இரண்டு பாகம்: வெளியே அசையாத உறை, உள்ளே சுழலும் முறுக்குக் கம்பி. நம் ஆட்கள் 'மீட்டர் ஒயர்' என்று சொல்வது இதைத்தான்.

கம்பியின் மேல் முனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தை மூடினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனாலும் சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. கிண்ணத்தோடு பொருத்திய மெல்லிய சுருள் வில் 'போகாதே' என்று பிடித்து வைக்கிறது. வேகம் கூடக்கூட இழுப்பு கூடுகிறது. கிண்ணம் அதற்கேற்பத் திரும்புகிறது. கிண்ணத்தோடு இணைந்த முள்ளும் நகர்கிறது. தூரம் காட்டும் எண்களுக்குக் காந்தம் கிடையாது. அவை பல்சக்கரங்களால் நேரடியாக ஓடுகின்றன.

இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி நோய் தெரிந்த மாதிரிதான்.

நோய் எங்கே?

முள்ளும் அசையவில்லை, எண்ணும் ஓடவில்லை என்றால், குற்றம் பெரும்பாலும் மீட்டரில் இல்லை. கேபிள் அறுந்திருக்கும், அல்லது முனை கழன்றிருக்கும், அல்லது கியர் பாக்ஸ் பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

எண் ஓடுகிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால், கேபிள் நன்றாக இருக்கிறது. காந்தம், கிண்ணம், சுருள் வில் இவற்றில் ஒன்றில் கோளாறு.

முள் சரியாக நகர்கிறது, எண் மட்டும் நிற்கிறது என்றால், உள்ளேயிருக்கும் சிறு பல்சக்கரத்தில் பல் போயிருக்கும்.

முள் ஆடுகிறது, துள்ளுகிறது, டாஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது என்றால், கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது கிரீஸ் காய்ந்து போயிருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் சில நாளில் கம்பி அறுந்துவிடும்.

வலியசாலைப் பக்கம் டாக்ஸி ஓட்டும் தமிழர் ஒருவருக்கு இப்படித்தான் முள்ளும் எண்ணும் ஒரே நாளில் நின்றன. மீட்டரையே மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் அவர் மீட்டர் தேடி அலைந்ததுதான் மிச்சம். கடைசியில் வேறொரு மெக்கானிக் கழற்றிப் பார்த்தபோது, கம்பி இரண்டு துண்டாக இருந்தது. ஒரு கம்பியோடு முடிந்துபோன வேலை அது.

வீட்டிலேயே பார்க்கலாம்

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மீட்டருக்குப் பின்னால் விளக்கு ஒயர்கள் இருக்கின்றன. ஸ்பானர் பட்டால் தீப்பொறி பறக்கும். பிறகு டாஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டு, கேபிளைப் பிடித்திருக்கும் வரிவெட்டிய நட்டைத் திருகினால் கேபிள் முனை கையோடு வரும்.

அடுத்து சக்கரச் சோதனை. அம்பாசிடர், பத்மினி இரண்டும் பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகள். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்துங்கள். வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற, இன்னொருவர் கேபிள் முனையைப் பார்க்க வேண்டும். உள்கம்பி சுழன்றால் கேபிளும் பல்சக்கரமும் நலம், நோய் மீட்டரில். சுழலாவிட்டால் கம்பியை மேலிருந்து உருவிப் பாருங்கள். பாதிதான் வந்தால் மீதி கியர் பாக்ஸ் பக்கம் கிடக்கிறது. முழுதாக வந்தால் முனையைப் பாருங்கள். சதுரமாக இருக்க வேண்டிய முனை உருண்டு போயிருந்தால் கம்பி வழுக்குகிறது. முனையும் சரியாக இருந்தால் கீழே பல்சக்கரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கம்பி வளைந்திருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, நடுப்பகுதி வளைந்து தொங்கும்படி விட்டு, மெதுவாக உருட்டுங்கள். நல்ல கம்பி சீராக உருளும். மடங்கிய கம்பி ஓரிடத்தில் துள்ளும். துள்ளும் கம்பிக்கு வைத்தியம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

கிளட்ச் வேலைக்காகவோ கியர் பாக்ஸ் வேலைக்காகவோ போய்வந்த வண்டியில் மீட்டர் நின்றுவிட்டால், முதலில் கீழ் முனையைப் பாருங்கள். திரும்பப் பூட்டும் அவசரத்தில் கேபிளைச் சரியாக இணைக்காமல் விட்டிருக்கலாம், அல்லது நசுக்கியிருக்கலாம்.

கிரீஸ் வைப்பதிலும் கணக்கு உண்டு

இடவப்பாதியும் துலாவர்ஷமும் என்று இரண்டு மழைக்காலம் கண்ட ஊர் இது. கடற்காற்றும் சேர்ந்தால் இரும்புக் கம்பி துருப்பிடிக்கக் கேட்க வேண்டுமா? மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் மோசம்.

உருவிய கம்பியை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். மீட்டர் பக்கம் இருக்கும் முக்கால் சாண் நீளத்துக்குக் கிரீஸ் வைக்கக் கூடாது. சுழலும் கம்பி கிரீஸை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்விடும். காந்தமும் கிண்ணமும் கிரீஸில் ஒட்டிக்கொண்டால், முள் வேகத்தைக் கூட்டிக் காட்டும், சில சமயம் உச்சத்திலேயே நின்றுவிடும். கேபிள் முனையில் கியர் பாக்ஸ் எண்ணெய் வழிந்தால், பல்சக்கரத்தின் ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். சீலை மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

திரும்பப் பூட்டும்போது கேபிளைச் சுருக்கி மடிக்காதீர்கள். வளைவுகள் அகலமாக இருக்கட்டும். மீட்டரில் சேரும் இடத்தில் நேராக நுழையட்டும்.

சுருள் வில்லும் கிண்ணமும் கடிகார வேலையைப் போன்றவை. முகப்பைத் திறந்து முள்ளை விரலால் தள்ளிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வில் ஒருமுறை கோணிவிட்டால் மீட்டர் பிறகு உண்மை பேசாது. அதைக் கைதேர்ந்த மீட்டர் ரிப்பேர்க்காரரிடம் கொடுப்பதே நல்லது. கோவையில் 1970-களில் தொடங்கிய பிரிக்கால் போன்ற நிறுவனங்களால் வாகன மீட்டர்த் தொழில் தமிழ்நாட்டில் வேரூன்றியது. அந்த வேலை பழகிய கைகள் இன்னும் இருக்கின்றன.

பழைய மீட்டர் வாங்குவோருக்கு

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் மூத்தது. ஆகவே பழைய மீட்டரைத் தேடி வாங்குவது சகஜம். எல்லா மீட்டரும் எல்லா வண்டிக்கும் ஒத்துவராது. பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களின் முகப்பில் ஒரு சிறு எண் அச்சிட்டிருக்கும். ஒரு மைலுக்குக் கம்பி எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அந்த எண். உங்கள் பழைய மீட்டரில் உள்ள எண்ணும் புதிதாக வாங்குவதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். முகப்பில் மைலா, கிலோமீட்டரா என்றும் பாருங்கள். மைல் மீட்டரில் முள் 40இல் நின்றால் உண்மையில் 64 கிலோமீட்டர் வேகம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் தூர எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஐந்து இலக்க மீட்டர் 99,999ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். கேபிளைக் கழற்றி வைத்து ஓட்டினால் எண் நகரவே நகராது. பெடல் ரப்பரும் ஸ்டியரிங் சக்கரமும் தேய்ந்திருக்க, எண் மட்டும் இளமையாக இருந்தால் சந்தேகப்படலாம்.

தூரக் கணக்கை முறையாக வைத்தால் என்ன பெருமை என்பதற்கு இந்த நகரத்திலேயே சான்று உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 2013இல் காலமானார். 1950-களின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 கார் ஒன்றை அவர் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார். லட்சக்கணக்கான மைல் ஓடியதற்காக அந்தக் கார் கம்பெனியின் பதக்கங்களைப் பெற்றது.

கிலோமீட்டர் கல்லே நீதிபதி

மீட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. அது சொல்வது சரிதானா? நாகர்கோவில் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்துக் குறைந்த வேளையில் இதைச் சோதிக்கலாம். முள்ளை 60இல் சீராக நிறுத்தி ஓட்டுங்கள். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை எத்தனை வினாடி என்று பக்கத்தில் இருப்பவர் கணக்கிடட்டும். ஓட்டுபவர் கடிகாரம் பார்க்க வேண்டாம். சரியாக 60 வினாடி என்றால் மீட்டர் உண்மை பேசுகிறது. 3,600ஐ வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 66 வினாடி ஆனால் உண்மை வேகம் ஐம்பத்து நாலரைதான்; மீட்டர் கூட்டிச் சொல்கிறது. 54 வினாடி ஆனால் வேகம் 66ஐத் தாண்டுகிறது. மீட்டர் குறைத்துச் சொல்கிறது. ஆபத்து இந்த இரண்டாவதில்தான். செல்போனில் வேகம் காட்டும் வசதி இருந்தால் அதையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ரயில் பாதை ஓரத்திலும் கிலோமீட்டர் கற்கள் உண்டு. நாகர்கோவில் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் இதே கணக்கைப் போட்டு ரயிலின் வேகத்தையும் அறியலாம்.

டயர் அளவை மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. டயர் சிறிதானால் அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகம் சுற்றும். மீட்டர் கூட்டிக் காட்டும். டயர் பெரிதானால் குறைத்துக் காட்டும். இதை மீட்டரின் குற்றம் என்று எண்ணிக் கழற்ற வேண்டாம்.

ஐம்பது ஆண்டு கடந்த கார்களை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு வழி செய்தது. அப்படிப் பதிந்த வண்டியை வாடகைக்கு விட முடியாது. ஆகவே பிழைப்புக்கு ஓட்டுபவர், ஷெட்டில் வைத்துப் போற்றுபவர் இருவருக்கும் வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் வேலை செய்யும் நிலையில் இருப்பதே பாதுகாப்பு. மீட்டர் நின்றுவிட்டது என்று யாராவது பெரிய தொகை சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: முள் மட்டும் நின்றதா, எண்ணும் சேர்ந்து நின்றதா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடாமல் இருப்பது நல்லது.